மரவள்ளிச் சிலுவை

ரஹாங் ஊரில் மகள் வீட்டு அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் போதும், நான் ஜப்பான்காரன் காலத்து எஸ்டேட்டுக்கே போய்விடுவேன். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு அதன் கீரை என்று, நாங்கள் குடியிருந்த லயத்து வாசல் தொடங்கிக் கல்லறைத் தோட்டத்து வேலி வரை மரவள்ளியே நின்ற காலம் அது. என் தம்பி சூசை குளிர்காய்ச்சலில் போனபோது சிலுவை செய்ய ஒரு பலகை கிடைக்காமல், அம்மாவின் தம்பி அந்தோணி மாமா இரண்டு மரவள்ளிக் குச்சிகளை வெட்டி, குறுக்கே வைத்து நாரால் கட்டி, குழிமேட்டில் ஊன்றினார்.

"எம்புள்ளைக்குக் கிழங்குக் குச்சிதானா கெடச்சுச்சு?" என்று கேட்ட அம்மா, அதன்பின் ஜெபத்துக்கும் போகவில்லை, வாய் திறந்து பாடவுமில்லை.

உயிர்ப்புத் திருநாள் காலையில் அம்மா, மாமா, நான் மூவரும் பூ வைக்கப் போனோம். சிலுவை உச்சியிலும் இரண்டு கைகளிலும் துளிர்த்து, சிவந்த காம்புகளில் இலை விரித்து நின்றது.

மாமா பதறிப்போனார். "தப்பா நெனைக்காதக்கா. பிடுங்கிட்டு வேற வச்சிர்றேன் லா."

"தொட்டியோ, கைய ஒடிச்சிருவேன்" என்ற அம்மா, சிரித்துவிட்டாள். "வெட்டிப்போட்ட குச்சிக்கே இவ்வளவு அவசரம்னா, எம்புள்ள மட்டும் சும்மா படுத்திருப்பானாடா?"

அன்று ஜெபத்தில் உபதேசியார் அல்லேலூயாவை முடித்துவிட்டு வேதப்புத்தகத்தைத் திறந்தார். அம்மா முடிக்கவில்லை. அவரும் புத்தகத்தை மூடிவிட்டு அவளோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்.