திருப்பி வைத்த பலகை

என் வகுப்பறை அலமாரியில் ஒரு மாம்பலகை இருக்கிறது. வட்டம், சதுரம், பிறை, நட்சத்திரம் என்று அதில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்துகிற கட்டை ஒன்று உண்டு. மேல் விளிம்பின் நடுவே ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கும். அதில் விரல் படும்போதெல்லாம் டாக்டரம்மாவை நினைத்துக்கொள்வேன்.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை. பிள்ளைகளின் மனமும் புத்தியும் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தவர். பாடம் ஏறாத பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று எழுதித் தருவது அவர் வேலை. சென்னையிலிருந்து வந்து, திண்டிவனத்தில் பஸ் மாறி, தோள்பையோடு செஞ்சியில் இறங்குவார். "நான் டாக்டர் இல்லீங்க" என்பார். "சரிங்க டாக்டரம்மா" என்பார்கள் ஊரார். ஊசி போடாத டாக்டர் என்பதில் பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம்.

அப்போதுதான் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவை நைனா என்போம்; மாட்டுவண்டி செய்கிற அவருக்குக் கைநாட்டுதான். மணியடிப்பதற்கு அரைமணி முன்பே கஞ்சி போட்ட புடவையில் போய் நிற்பேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை தேறாவிட்டாலும் அது நான் படித்த படிப்புக்கே இழுக்கு என்று நினைப்பு.

அந்த ஒரு பிள்ளை சின்னப்பொண்ணு. ஒன்பது வயதில், ஒன்றாம் வகுப்பில், மூன்றாம் வருஷம். அவள் அம்மா கோட்டை மலையில் சீத்தாப்பழம் பறித்து பஸ் ஸ்டாண்டில் விற்பவர். "டாக்டரம்மா பாக்கட்டும். தேறலைன்னா பேரை எடுத்துடறேன்" என்று பெரிய வாத்தியார் முடிவாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மலைக்கி இட்டுனு போனா வழி எது, பள்ளம் எதுன்னு அதுக்குத் தெரில டீச்சர். போன வருசம் சுனையில வுழுந்துடுச்சி. இங்கன ஒக்காந்துனாவது இருக்கட்டும்."

முதல் தடவை டாக்டரம்மா இதே மாதிரி ஒரு பலகையைத் தன் பையிலிருந்து எடுத்து வைத்து, நேரம் பார்க்கிற கடிகாரத்தை அழுத்தினார். அந்தச் சத்தத்துக்கே சின்னப்பொண்ணு அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "அடுத்த மாசம் பாப்போம். பலகை எங்கயும் ஓடிடாது" என்று எழுந்தார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் பலகைமேல் செய்தித்தாளை விரித்து, பென்சிலால் தேய்த்துப் பத்து வடிவங்களையும் எடுத்துக்கொண்டேன். நைனா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, எந்திரத் தகடா?"

"பரீச்சை நைனா."

"மரத்துலயா பரீச்சை? இது தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே!"

இரண்டே நாளில் அதே மாதிரி ஒரு பலகை செய்து தந்தார். மேல்பக்கம் எது என்று அவளுக்குத் தெரிய ஒரு பித்தளை ஆணியும் அடித்தார். தினமும் பள்ளி விட்டதும் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் கைமேல் என் கையை வைத்து ஒவ்வொரு கட்டையாகப் போட வைத்தேன். என்றைக்கு எந்தக் கட்டை படிந்தது என்று சுவரில் கரியால் குறித்தேன். பத்தொன்பதாம் நாள் பத்தையும் தானே போட்டாள்.

டாக்டரம்மா மறுபடி வந்தார். சின்னப்பொண்ணு பார்க்காமலேயே பத்துக் கட்டைகளையும் மடமடவென்று போட்டு முடித்தாள். பெரிய வாத்தியாரே வாய்விட்டு "அட!" என்றார். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. டாக்டரம்மா கட்டைகளை எடுத்துக் குவித்து, பலகையை ஒரு விரலால் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

சின்னப்பொண்ணு நட்சத்திரத்தை எடுத்து, பழைய மூலையில் இப்போது இருந்த வட்டக் குழிக்குள் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அவளுக்குப் படிந்திருந்தது இடம்தான், வடிவம் இல்லை.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லையே" என்றேன். அப்படி ஒரு பொய் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"டீச்சர் வூட்டுப் பலகையில ஆணி இருக்கும்" என்றாள் சின்னப்பொண்ணு, விளிம்பைத் தடவித் தேடிக்கொண்டே.

முகம் எரிந்தது. அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. "பேரை எடுத்துட்டா இவ மலைக்குதான் போவணும். ஒங்க கடிகாரத்துக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அதட்டவில்லை. "இந்தச் சோதனை இனிமே இவளுக்குச் செல்லாது. அதை நீங்க கெடுத்துட்டீங்க" என்றார். நோட்டை எடுத்துக்கொண்டே, "இவளுக்குப் படிய எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். கரிக்கோடுகளைச் சொன்னேன். "வாங்க, பாக்கணும்."

எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தச் சுவரை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பிறைக்கு நான்கு நாள், நட்சத்திரத்துக்கு ஏழு நாள். நைனா கூச்சத்தோடு வாசலில் நின்றார். "பலகை என்னுதைவிட நல்லா இருக்குங்க. ஆனா இந்த ஆணி வேண்டாமே" என்றார் டாக்டரம்மா. நைனா அங்கேயே குறட்டால் பிடுங்கினார். "தெனம் ஒரு பக்கமா திருப்பி வைங்க டீச்சர். அவசரம் வேண்டாம்."

பள்ளிக்குத் தரும் அறிக்கையில் மதிப்பெண் இடத்தில் அவர் கோடு போட்டுவிட்டு, கீழே எழுதினார்: கைபிடித்துச் சொன்னால் கற்கிறாள், காலம் கொடுங்கள். "மார்க் இல்லாம நான் என்னாத்த வெச்சிக்கிறது?" என்றார் பெரிய வாத்தியார். "பேரை வெச்சிக்கங்க சார்" என்றார் அவர். பெயர் நின்றது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாராம். சின்னப்பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. தன் பெயரை எழுதுவாள், இருபதுவரை எண்ணுவாள். இப்போது மலையில் அம்மா பின்னால் பாறைமேல் கால் பார்த்து வைத்து நடக்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். ஆனால் அது பழைய பெருமை இல்லை.

போன வாரம் கூடையில் பழத்தோடு பள்ளிக்கு வந்தாள். அலமாரியில் பலகையைப் பார்த்ததும் எடுத்து மேசைமேல் வைத்து, கட்டைகளைக் குவித்தாள். பிறகு ஆணி இருந்த ஓட்டை கீழே வரும்படி ஒரு விரலால் திருப்பி, என் பக்கம் தள்ளினாள்.

"நீ போடு டீச்சர்."

நட்சத்திரத்தில் தடுமாறிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, நான் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.