தவிட்டு அறையில் நாற்காலி இல்லை

"நிக்கிறதுக்குன்னே என்னைப் பெத்துப் போட்டாங்கடா."

காலையில் செருப்பை உதறும்போது ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது ஒரு தடவை, வீட்டுக்கு வந்து சுவரில் சாயும்போது நன்றாக இழுத்து இன்னொரு தடவை. சித்தி இதைச் சொல்லாத நாள் கிடையாது. 'நிக்கிறதுக்குன்னே'வில் குரல் மேலே ஏறும். 'போட்டாங்கடா' வரும்போது கரண்ட் போன மெஷின் மாதிரி உறுமி அடங்கும். நான் அப்படியே சொல்லிக் காட்டினால் அவள் சிரிக்க மாட்டாள். நல்லாத்தான் சொல்றே, அப்படியே வந்து நின்னும் காட்டு என்பாள்.

அவள் நின்றது அரிசி மில்லின் தவிட்டு அறையில். நான் அதே மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். பாலிஷ் போடும் மெஷினிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்த அறைக்குள் வரும். அதன் வாயிலிருந்து நாள் முழுக்கத் தவிடு கொட்டும். சாக்கைப் பிடிக்க வேண்டும், நிரம்பியதும் இழுத்து வைக்க வேண்டும், அடுத்ததைப் பிடிக்க வேண்டும். புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் பழுப்புப் பொடி. அரிசி பார்க்க வருகிறவர்கள் முன்பக்கத்தோடு போய்விடுவார்கள். தவிட்டைப் பார்க்க மாட்டுத் தீவன வியாபாரி மட்டும் வருவார், அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்தத் தவிட்டுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. ஓர் எண்ணெய் ஆலை நல்ல விலைக்குக் கேட்டது. ஆனால் காறல் அடிக்கக் கூடாது. அரிசியை விட்டுப் பிரிந்த உடனேயே தவிட்டிலுள்ள எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும். அப்போதே வறுத்துவிட்டால் கெடாமல் நிற்கும். அதற்காக முதலாளி நீராவியில் சூடாகும் பெரிய உருளை ஒன்றை வாங்கி அறைக்குள் நிறுத்தினார். சித்தி அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். நேரத்துக்குப் போட வேண்டும், ஆற விட்டால் கோபம் வரும், மற்றபடி உருண்டுகொண்டே கிடக்கும் என்றாள்.

மாப்பிள்ளை வந்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஓய்வும் போனது. தவிடு விழ விழ அள்ளிப் போட்டாக வேண்டும். வேலை வாங்கும்போது முதலாளி அவளை அக்கா என்பார். லீவு கேட்டால் 'ஏம்மா' ஆகிவிடும். இந்தத் தடவை அக்காதான்.

"இந்த லோடை மட்டும் ஆலைக்காரர் எடுத்துக்கட்டும் அக்கா. எடை போடுற இடம் உங்களுக்குத்தான்."

எடை போடுகிற பெரியவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகவிருந்தார். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு, ஒரு பக்கக் கை உடைந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் சித்தி, பெண் பார்க்க வந்தவள் மாதிரி ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

லோடு போவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கால் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை. குழாய்க்கு அதெல்லாம் தெரியாது, கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாம் சேரட்டும், காலையில் ஒரே மூச்சில் வறுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பச்சைத் தவிட்டை அப்படியே சாக்கில் பிடித்து ஓரமாக வைத்தாள்.

சொன்னபடி காலையில் வறுத்தாள். பொன்னிறமாக, பசியைக் கிளப்பும் வாசனையோடு வந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மற்ற மூட்டைகளோடு சேர்த்து அடுக்கினோம்.

ஆலைக்காரர் வந்து ஒரு மூட்டையைப் பிரித்து முகர்ந்தார், தலையாட்டினார். அடுத்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டவர் முகம் சுருங்கித் தொண்டையைச் செருமினார்.

"கெட்டப்புறம் வறுத்திருக்கீங்க. வறுத்தா வாசனைதான் மாறும், காறல் போகாது. மாட்டுக்கே குடுத்துடுங்க."

லாரி காலியாகத் திரும்பியது. முதலாளி உருளை விற்றவனை போனில் பிடித்துக்கொண்டார். மெஷினே சரியில்லை, வந்து தூக்கிக்கொண்டு போ என்று கத்தினார். சித்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பழி மாப்பிள்ளையோடு போயிருக்கும், நாற்காலி தப்பித்திருக்கும். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஆளைத் திட்டாதீங்க, நேற்றைய தவிட்டைப் போட்டு வைத்துக் காலையில் வறுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள். ஒரு பொய்யைச் சொல்லி அதைக் கட்டிக் காக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

முதலாளி போனை வைத்தார். அக்கா போய்விட்டது.

"ஏம்மா, இதுக்கப்புறம் உன்னை எப்படி அந்த நாற்காலில உட்கார வைக்கிறது?"

ஆலைக்காரர் வேண்டாமென்று விட்டுப்போன மூட்டைகளில் ஒன்றின் மேல் சித்தி மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் நீட்டினாள்.

"நாற்காலி உங்ககிட்டயே இருக்கட்டும் முதலாளி. நான் இங்கயே உட்கார்ந்துக்கறேன். மாட்டுக்குப் போற மூட்டைதானே, நான் உட்கார்ந்ததால எந்த மாடும் மூஞ்சியத் திருப்பிக்காது."