பிஸ்ரல் ஒன்று, பூட்டுகிற சாமான் ஒரு பெட்டி

முதன்முதலாகப் பிஸ்ரல், அதாவது கைத்துப்பாக்கி, வாங்க வருகிற மனிசர் பிஸ்ரலைத் தெரிவுசெய்யப் பத்து நிமிடமும், அதில் பூட்டுகிற மேலதிகச் சாமான்களைத் தெரிவுசெய்ய ஒரு முழுச் சனிக்கிழமையும் எடுப்பார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் உளைந்தவர்கள் எல்லாருக்கும் இது விளங்கும். நீங்கள் புடைவை விற்றிருப்பீர்கள், சப்பாத்து விற்றிருப்பீர்கள். நான் எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில் டிராம் ஓடுகிற ஒரு தெருவில், துவக்குக் கடையில் நின்றேன். எங்களிடம் வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குறி சுடுகிற கிளப் ஒன்றில் சேர்ந்து, பொலிஸ் அனுமதி வரும்வரை பொறுமையாக இருந்து, வார இறுதியில் கடதாசியில் கீறிய வட்டத்தைச் சுடுகிற சாதுவான மனிசர்கள். சாது என்றால் கரைச்சல் தரமாட்டார்கள் என்று அர்த்தமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

கழுத்துப் பட்டியோடு போன இடம்

கொழும்பில் நான் தட்டச்சு இயந்திரம் திருத்துகிற வேலையில் இருந்தவன். மெல்பேர்ணுக்கு வந்து வேலை தேடித் திரிந்த நாட்களில், நுட்பமான சிறிய இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் தேவை என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்டேன். தட்டச்சு இல்லாவிட்டால் மணிக்கூடாக இருக்கும் என்று நினைத்துக் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு. திரும்பிப் போகத்தான் நினைத்தேன். அதற்குள் முதலாளி ரொன் என்னைக் கண்டுவிட்டார். நெட்டையான மனிசர், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

ஒரு தட்டில் சின்னச் சின்னச் சுருள் வில்லுகளும் ஊசிகளும் கொட்டிக் கிடந்தன. இதைப் பூட்டிக் காட்டு என்றார். பூட்டின பிறகுதான் அது ஒரு பிஸ்ரலின் விசைப் பகுதி என்று எனக்கே தெரிந்தது. பிறகு கரைச்சல் வரக்கூடாது என்று உள்ளதைச் சொன்னேன்: என் சீவியத்தில் நான் துவக்கால் ஒரு வெடி வைத்ததில்லை, வைக்கிற எண்ணமும் இல்லை. ரொன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லது. சுடத் தெரிந்தவனைக் கவுண்டரில் விட்டால் அவன் விற்கமாட்டான், தன்ரை வீரக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்பான். திங்கட்கிழமை வா."

மூடி மூடவில்லை

கெவின் ஒரு வங்கியில் எழுத்தர். கிளப்பில் சேர்ந்துவிட்டார், பொலிஸ் அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதி இல்லாமல் பிஸ்ரலைக் கையில் கொடுக்க முடியாது. ஆனால் பிஸ்ரலின் மரப் பிடியை விற்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த உண்மையைக் கெவின் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்களுக்குச் சனிக்கிழமை இல்லாமல் போயிற்று. முதலில் விரலுக்கு விரல் பள்ளம் செதுக்கிய வால்நட் பிடி வாங்கினார். பிறகு, சுடும்போது குழாய் துள்ளாமல் இருக்க முன்னால் கொழுவுகிற பாரம். பிறகு, ஆணி ஆணியாகத் திருகிச் சரிசெய்கிற குறி பார்க்கும் சைற். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுக் கொண்டு திரிவார். கடைக்கு வந்ததும் அந்த மரப் பிடியை மட்டும் வெளியே எடுப்பார். ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, மற்றக் கையை நீட்டி, எங்கள் சுவர் மணிக்கூட்டைக் குறிபார்ப்பார். கையில் இருப்பது வெறும் மரக்கட்டை. சிரிக்கக்கூடாது என்று ரொன் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. ரின்னில் இருந்த அத்தனையையும் பூட்டிக் கொடுத்தேன். பூட்டி முடிய அது பிஸ்ரல் மாதிரி இல்லை, தையல் மெஷின் மாதிரி இருந்தது. அடுத்த போட்டிக்கு, ஆணி கழற்றுகிற திருப்புளியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு பிஸ்ரலையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மூடி மூடினால்தான் சுடலாம், அது விதி. கெவினின் பிஸ்ரலுக்கு மூடி மூடவில்லை. சைற்றைக் கழற்றினேன், மூடவில்லை. பாரத்தைக் கழற்றினேன், மூடவில்லை. வால்நட் பிடியின் அடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய பிடியைப் பூட்டி, பிறந்த மேனியாக இருந்த பிஸ்ரலால் சுட்டார். முதல் போட்டிக்கு மோசமில்லாமல்தான் சுட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிஸ்கட் ரின்னோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் திருப்பித் தரப்போகிறார் என்று நான் தயாரானேன். கெவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பெட்டிக்குள் அடங்குகிற அளவில் வேறு என்ன சாமான் வைத்திருக்கிறீர்கள்?"

டொம்மின் குறடு

மகசின் என்பது ரவைகளை, அதாவது தோட்டாக்களை, அடுக்கிப் பிஸ்ரலின் பிடிக்குள் தள்ளிவிடுகிற ஒரு தகரக் கூடு. அதன் வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு விளிம்புகள் உண்டு. உதடு என்போம். அந்த உதடு ஒரு மயிரளவு பிசகினாலும் ரவை குறுக்கே மாட்டிக்கொள்ளும். புதுப் பிஸ்ரலோடு ஒரு மகசின்தான் வரும். இன்னொன்று வேண்டுமென்றால், செய்த கொம்பனியே செய்ததை வாங்குங்கள், வர நாட்செல்லும், பொறுத்திருங்கள் என்று ரொன் எல்லாருக்கும் சொல்லுவார். ஒருவரும் பொறுத்திருப்பதில்லை.

டொம் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர். முழங்கை என் தொடையளவு இருக்கும். மனம் பஞ்சு. அவர் சிட்னியில் எங்கேயோ மலிவாகப் போகிற போலி மகசின்களைத் தபாலில் ஒரு கட்டாக எடுப்பித்துவிட்டார். ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைக்குக் கொண்டுவந்து பரப்பினபோது ஒவ்வொன்றின் உதட்டிலும் பல்லுப் பட்ட அடையாளம். குழாய் பிடிக்கிற குறட்டால் தானே சரிசெய்து பார்த்திருக்கிறார். தேறக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து வைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே மெல்ல மெல்ல வளைத்துச் சரிப்படுத்திக் கொடுத்தேன். ரவை வழுக்கிக்கொண்டு ஏறியது. மற்றவைகளை எறிந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் டொம் முகம் தொங்கி வந்தார். எறியச் சொன்னவை அத்தனையும் கையில் இருந்தன. நான் திருத்திக் கொடுத்ததும் மாட்டுகிறதாம். வாங்கிப் பார்த்தால் அதிலும் குறட்டின் பல். நன்றாக வேலை செய்ததை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டேன். டொம் கோபிக்கவில்லை. நியாயமான காரணம் இருக்கிற மனிசரைப் போல நிதானமாகச் சொன்னார்.

"மற்றது எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, இது மட்டும் வித்தியாசமாக இருந்தது. அதனால் இதை அதுகளைப் போல ஆக்கிவிட்டேன்."

ஒன்றும் கேட்காத மனிசர்

மழை பெய்த ஒரு கிழமை நாள் பின்னேரம் வயதான ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கோட்டும் தொப்பியும் துப்புரவாக இருந்தன. கிளப் அங்கத்துவம், பொலிஸ் அனுமதி, எல்லாம் சரி. கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே முதலில் கண்ட பிஸ்ரலைச் சுட்டிக்காட்டி இதைத் தாருங்கள் என்றார். நான் வழக்கம்போல மரப் பிடிகள் இருக்கிற தட்டை எடுத்து வைத்தேன். இருக்கிறதே போதும் என்றார். மேலதிகமாக ஒரு மகசின்? வேண்டாம். கொண்டு போக உறை? வீட்டுக்குத்தானே போகிறேன், வேண்டாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இத்தனை காலத்துக்குப் பிறகு கரைச்சல் இல்லாத ஒரு மனிசர்.

ரொன் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல வந்து என் கையிலிருந்த பிஸ்ரலை வாங்கினார். இதில் ஒரு வில்லு தளர்ந்திருக்கிறது, மாற்றித்தான் தரவேண்டும், இன்றைக்குச் சரிவராது என்றார். வில்லில் ஒரு பிழையும் இல்லை, முதல்நாள் நானே பார்த்தது. நான் வாயைத் திறக்குமுன் ரொன் அவரைப் பின்னறைக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். கவுண்டரைப் பார் என்று எனக்குக் கண்ணால் காட்டினார். நான் தட்டில் கிடந்த பிடிகளைத் திருப்பி அடுக்கினேன். பிறகு அந்த மனிசர் அழுகிற சத்தம் கேட்டது. அந்த இலையுதிர் காலத்தில்தான் அவருடைய மனைவி செத்துப்போயிருந்தார். பிஸ்ரலுக்கு விண்ணப்பித்தது அதற்கு முன்பு, இரண்டு பேரும் சுகமாக இருந்த காலத்தில். ரொன் கிளப் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அவரைக் காரில் ஏற்றி, ஜீலோங்கில் இருந்த அவருடைய தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

எப்படித் தெரிந்தது என்று அடுத்த நாள் கேட்டேன். முதல் பிஸ்ரல் வாங்குகிறவன் அடுத்த சனிக்கிழமையை நினைத்துத்தான் ஆயிரம் கேள்வி கேட்பான், அவருக்குக் கேட்க ஒரு கேள்விகூட இருக்கவில்லை என்றார் ரொன். நான் சந்தோசப்பட்ட அதே விசயம்தான் அவரைப் பயப்படுத்தியிருக்கிறது.

அடுத்த வருடம் கோடை முடிகிற நேரம் அவர் கிளப் தலைவரோடு திரும்பி வந்தார். மரப் பிடிகளைக் காட்டச் சொன்னார். ஒன்று நிறம் கூடிப்போயிற்று, ஒன்று வெளிறிக் கிடக்கிறது, ஒன்று பெருவிரலுக்கு இடைஞ்சல். அலுமாரியில் இருந்தது எல்லாம் கவுண்டருக்கு வந்துவிட்டது. வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். மத்தியானச் சாப்பாடும் போயிற்று. அன்றைக்கு மாதிரி நான் ஒருநாளும் மனம் குளிர்ந்து நின்றதில்லை.

"முதல் காட்டினதை இன்னொருக்கால் எடுங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

ஆயுத பூசை

அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு வீட்டு ஹோலுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களிடம் என் மனைவி மலர், இவருக்கு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. நவராத்திரி முடிவில் பல் வைத்தியர் மகேந்திரன் வீட்டில் பூசை. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மலிவாக ஒரு ரெனிஸ் மட்டை எடுத்துத் தரமுடியுமா என்றார். எங்களிடம் மட்டை இல்லை என்றேன். கிரிக்கெற் பந்து? அதுவும் இல்லை. பந்தும் மட்டையும் இல்லாமல் அதென்ன விளையாட்டுக் கடை என்று எல்லாருக்கும் கேட்க விசாரித்தார். நான் உண்மையைச் சொன்னேன். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆயுத பூசைக்கு ஆளாளுக்குத் தங்கள் தொழில் சாமானைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மகேந்திரன் பல் பார்க்கிற கண்ணாடி வைத்திருந்தார். கணக்காளர் ஒருவர் பேனை வைத்திருந்தார். எல்லாருடைய கண்ணும் நான் கொண்டுபோன கடதாசிச் சுருளுக்குப் போயிற்று. ஒருவரும் கிட்ட வரவில்லை. மலர் எழும்பிப் போய்ச் சுருளைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினாள்.

"ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் இவர்தான். கொண்டுவந்திருக்கிறது ஒரு அரம்."

இந்திராவின் இடம்

அன்றைக்குப் பயந்த மகேந்திரன்தான் பிறகு மனைவி இந்திராவையும் கூட்டிக்கொண்டு கிளப்பில் சேர்ந்தார். அனுமதி வந்ததும் இரண்டு பேருக்கும் சாமான் தெரிவுசெய்ய அவரே வந்தார். தனக்குப் பிடி, பாரம், அகலமான விசை, மூன்று மகசின். மனைவிக்கு, பெண்களுக்கென்று விற்ற சிப்பி மாதிரி மினுங்குகிற வெள்ளைப் பிடி. இந்திரா அதைக் கையில் எடுத்தார். சவர்க்காரம் போல வழுக்குகிறது என்றார். சின்னக் கை என்பதால் விரலும் விசைக்கு எட்டவில்லை. பார்க்க வடிவாக இருக்கிறதே என்றார் மகேந்திரன். இந்திரா வெள்ளைப் பிடியைத் தட்டில் திருப்பி வைத்தார். பிஸ்ரலோடு வந்த சாதாரணப் பிடியை எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு சீவவேணும் என்று பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். கோட்டின்படி சீவிக் கொடுத்தேன்.

வருடக் கடைசியில் கிளப் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அதற்குச் சுட்டார்கள். மகேந்திரன் அதற்கு முதல் கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் தன் பிஸ்ரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். மனைவி வெல்லக்கூடும் என்று அவருக்கு உள்ளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அணியில் இடம் இந்திராவுக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மகேந்திரன் காற்றையும் வெளிச்சத்தையும் குறைசொல்லிக்கொண்டு வந்தார் என்று இந்திரா மலரிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். மகேந்திரன் மகசினில் பிழை என்றார், விசை இறுக்கம் என்றார், கடைசியில் சைற் சரியில்லை, புதிது வேணும் என்று முடித்தார். இந்திரா கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை, இவருக்கு நல்ல சைற் ஒண்டு குடுங்கோ. நான் எங்கை சுட்டனான் எண்டாவது வடிவாய்ப் பார்க்கட்டும்."

அந்தச் சொல்லுக்கு மகேந்திரனே முதலில் சிரித்தார்.

நான் நின்ற காலம் முழுக்க, குறி தப்பினவர்கள் பிடியையும் விசையையும் மகசினையும் மாற்றித் தரச் சொன்னார்களே ஒழியக் கையை மாற்றித் தரச் சொன்னவர் எவருமில்லை, அதனால்தான் எங்கள் கடை நடந்தது.