நிபியா ஒலிவேரா எண்ணிய வெளிச்சம்

நிபியா ஒலிவேராவுக்குப் பட்டம் கிடையாது. ஆனால் கை! சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கையை மொந்தேவீதேயோ நகரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எலியின் மகாதமனியை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, ஒட்டிய கொழுப்பை வழித்து, மூன்று மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்குவாள். உள்சவ்வு ஓரிடத்தில்கூடச் சிராய்ந்திருக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆய்வுக்கூடத்தில் இதே வேலை.

வளையத்தை லூசிஜெனின் என்ற மருந்து கலந்த நீரில் போட்டு இருட்டுப் பெட்டிக்குள் மூடினால், ரத்தக்குழாயில் கிளம்பும் அடங்காத ஆக்சிஜன் அந்த மருந்தோடு மோதி மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவி எண்ணிச் சொல்லும். எண் ஏற ஏற, குழாய்க்குக் கேடு என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் அரிஸ்மெந்தி தன்னா என்ற கறுப்புத் திராட்சை வகையின் தோல் சாற்றைக் கொண்டுவந்தார். ரத்தக்கொதிப்பு எலிகளின் வளையத்தில் அதை விட்டதும் எண் அறுபது சதவீதம் சரிந்தது. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாநாட்டுக்குக் கட்டுரை எழுதியும் அனுப்பிவிட்டார், மூன்றாவது பெயராக நிபியாவையும் சேர்த்து.

அவளுக்கோ உறுத்தல். சாறு மை மாதிரிக் கறுஞ்சிவப்பு. கருவியைச் சரிபார்க்க, எப்போதும் ஒரே அளவு ஒளிரும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. எலியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று அதைச் சாற்றுக்குள் இறக்கி எண்ணினாள். ஐம்பத்தைந்து சதவீதம் காணோம்! நிறமே வெளிச்சத்தைக் குடித்திருக்கிறது. பிறகு சாற்றில் ஊறிய வளையங்களை நன்றாக அலசிவிட்டு மறுபடி அளந்தாள். மூன்று நாள், பதினெட்டு எலி. உண்மையான சரிவு பன்னிரண்டு சதவீதம்தான்.

அளவுகளைக் குறித்த பதிவேட்டைக் கொண்டுபோய் அரிஸ்மெந்தியின் மேஜையில் விரித்தாள்.

“உன்னை யாரு இதெல்லாம் பாக்கச் சொன்னது?” என்றார் அரிஸ்மெந்தி.

“யாரும் சொல்லல டாக்டர். அறுபதுக்குப் பக்கத்துல என் பேரும் இருக்கே.”

“அவ்வளவுதானே? பேரை எடுத்துடறேன். டிசம்பர்ல உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?”

“நல்லாவே இருக்கு. பேரைத் தாராளமா எடுங்க. ஆனா நான் அளந்தது பன்னிரண்டுதான்.”

தாழ்வாரத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வில்மார், மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் கிடக்கு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?”

“பதினெட்டு எலியை எங்கிட்ட எடுத்துக் கொடுத்தது நீங்கதானே? அதுங்க செத்தது பொய்க்கா?”

வில்மார் மாத்தேயை அவளிடம் நீட்டினார்.

மாநாட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன? ஒருநாள் விடுப்புப் போட்டாள், தன் காசில் நுழைவுச்சீட்டு வாங்கினாள், பதிவேட்டின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் அரிஸ்மெந்தி அறுபது, அறுபது என்று முழங்கினார். திரையில் அவள் பெயர் இல்லை.

சிலியிலிருந்து வந்த ஒரு பெண் கேள்வி கேட்டாள்: “சாறு இவ்வளவு சிவப்பா இருக்கே, ஒளியை அதுவே விழுங்கியிருக்காதா? சோதிச்சீங்களா?”

“சோதிச்சோம். ஒரு பாதிப்பும் இல்ல,” என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நிபியா எழுந்துவிட்டாள்.

“பச்சைப் பொய்!”

கூட்டம் முழுக்கத் திரும்பியது. அரிஸ்மெந்தியின் முகம் வெளிறிப்போயிற்று.

“உட்காரு நிபியா,” என்றார் தணிந்த குரலில்.

“இருபத்திரண்டு வருஷமா உட்கார்ந்துதான் டாக்டர் இருந்தேன்.”

கூட்டத்தை நடத்தியவர் கையில் இருந்த தாளைப் புரட்டினார். “அம்மா, நீங்க யாரு? இந்த ஆய்வுல உங்க பேரே இல்லையே?”

சிலிப் பெண் தன் மைக்கை அவளிடம் நீட்டினாள். நிபியா வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அளந்தது நான்தான்,” என்றாள். “பன்னிரண்டு.”