பெட்டி ஒழுகவில்லை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்தவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, பூதலூர் ரயிலடிக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை போட்டேன். மூன்று அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றும் வாளிச் சங்கிலி செய்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்த வாய்க்கால் ஷட்டரை ஒற்றை ஆள் திருகும்படி மாற்றினேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் கூரை நிறுத்தினேன். விழுந்துவிடும் என்றார் ஒரு இன்ஜினீயர். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், கூரை நிற்கிறது.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது மழைப் பெட்டி.

ஊரில் பாதி இளவட்டம் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் துபாய் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட் கூத்தாநல்லூர் ஏஜென்ட் பாயிடம் இருந்தது. "மாசக் கடைசிக்குள்ள ஏறிடணும் மேஸ்திரி, விட்டா போச்சு" என்று சொல்லியிருந்தார். இடையில் மூன்று வாரம் கிடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அப்போதுதான் தேடி வந்தார்.

அவர் கேட்டது மாட்டுவண்டி நீளத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதைச் சாய்வாக நிறுத்தி மண் நிரப்ப வேண்டும். மேலே பொடி ஓட்டைக் குழாய்கள், அதுதான் மழை. கீழ் முனையில் ஒரு குழாய், அதுதான் ஆறு. மேட்டில் பெய்யும் மழை ஆற்றுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீரில் உப்புக் கலந்துவிடுவார். கீழே உப்பு வந்தால் மழை வந்து சேர்ந்தது என்று கணக்கு.

கல்லூரியின் தகரக் கொட்டகையில் அதைச் செய்து நிறுத்திய அன்று, மாணவர்கள் எல்லாரும் நிற்கும்போது வாயைவிட்டேன். "ஒரு சொட்டு ஒழுகினாலும் சரி, உள்ள போனாலும் சரி, அத நிறுத்தாம இந்தக் கொட்டகைய விட்டுக் கிளம்ப மாட்டேன் சார்."

மண்ணை இரண்டு நாள் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து வடியவிட்டார்கள். பிறகு உப்பு மழை. கொஞ்ச நேரத்தில் கீழ்க்குழாயில் தண்ணீர் தடித்து வந்தது. பேராசிரியரின் மீட்டரில் உப்பு இல்லை. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர்.

"வடிஞ்ச குழாய்த் தண்ணி அடியில தேங்கி, எங்கேயோ மூட்டு வழியா உள்ள கலக்குதுங்க மேஸ்திரி. உங்க வெல்டிங்கப் பாருங்க" என்றார்.

மண்ணை அள்ளிக் கொட்டி, மூட்டுகளை எல்லாம் மறுபடி பற்றவைத்து, நிரப்பி, ஊறவைத்தோம். அதே நல்ல தண்ணீர். மூன்றாம் தடவை உள்ளே தார் பூசினேன். அப்போதும் அதேதான். காற்று மழையைக் கலைக்கும் என்று கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். தகரம் கொதிக்கும். வெளியே வானம் வெளுத்துக் கிடக்க, உள்ளே எனக்கு மட்டும் அடைமழை. போயிருக்கலாம். போனால், பெட்டி ஒழுகுது, ஆள் துபாய்க்கு ஓடிட்டான் என்பார்கள். பேராசிரியர் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நான் சொன்ன சொல்தான் பிடித்து வைத்தது.

சோறு கொண்டுவந்த மனைவி மழைப் பெட்டியைப் பார்த்தாள். "துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சாச்சு. நீங்க இந்தப் பெட்டிய விட்டாத்தானே அந்தப் பெட்டியத் தூக்கலாம்? மொதல்ல அந்த வாயில ஒரு வெல்டு வைங்க" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டே கீழ்க்குழாயைப் பார்த்தேன். பூம்புகார்ப் பக்கத்தில் அவள் அண்ணனுக்கு வயல் உண்டு. கடல் தண்ணீர் ஏறிய வருஷம் அதில் வாய்க்கால் தண்ணீரைக் கட்டி உப்பைக் கழுவினோம். விட்டது நல்ல தண்ணீர். வடிகாலில் நாள் முழுக்க வந்தது உப்புத் தண்ணீர். அது மண்ணுக்குள் முன்பே கிடந்தது. இங்கே அதே கதை தலைகீழாக நடக்கிறது! சோற்றுக் கையோடு எழுந்து ஓடினேன்.

"சார், பெட்டி ஒழுகல. இது இன்னைக்குப் பெஞ்ச மழை இல்ல, மண்ணுல ஊறிக் கெடந்த பழைய தண்ணி. புதுசு மேல இருந்து அமுக்குது, பழசு கீழ கெளம்புது. மாத்திப் பாருங்க. ஊறவைக்கிற தண்ணியில உப்பப் போடுங்க, மழைய நல்லதா விடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் செய்தார். மறுபடி மண், மறுபடி இரண்டு நாள் ஊறல். நல்ல மழை பெய்ய, குழாயில் கரிக்கக் கரிக்க உப்புத் தண்ணீர் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஈரக் கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அங்கிருந்து நேராக எஸ்டிடி பூத்துக்குப் போனேன். "நேத்தோட தேதி முடிஞ்சிருச்சே மேஸ்திரி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பாய். அதற்குப் பிறகு விசா வரவே இல்லை. வெற்றுப் பக்கங்களோடு பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது. நான் இன்னும் அதே பட்டறையில்.

பேராசிரியர் அதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார். ஒரு மாணவனை வாசித்துச் சொல்லச் சொன்னேன். பெட்டி உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டது என்று ஒரு வரி. பழைய தண்ணீர்தான் முதலில் வருகிறது என்று "நாங்கள் கண்டோம்" என்று இன்னொரு வரி. வெளிநாட்டில் முன்பே தெரிந்த விஷயம்தானாம். இருக்கட்டும். அந்தக் கொட்டகையில் அதை முதலில் சொன்னது யார்?

பெட்டி இன்றும் அங்கே நிற்கிறது, பிள்ளைகளுக்கு மழை பெய்து காட்டுகிறார்கள். இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்கிறேன். பெட்டியின் பக்கவாட்டில் என் பேரைப் பெயின்டில் எழுதுங்கள். பேருக்குக் கீழே, பெட்டி ஒழுகவில்லை என்றும் எழுதுங்கள். அந்த "நாங்கள்" என்பதில் நான் உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள்.