அக்கா தைத்த கையுறை

என் அக்காவின் கணவருக்கு, அதாவது என் மாமாவுக்கு, பொய் சொல்லவே வராது. சொல்லாமல் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால்கூட அக்கா கேட்பதற்கு முன்பே உளறிக்கொட்டிவிடுவார். அந்த மகானுபாவர் ஒரே ஒரு பொய்யைக் கட்டிக் காத்தார். அதற்கு நானும் உடந்தை. வேறு வழி?

இரும்புப் பட்டறையில் அவருக்கு ட்ரில் மெஷின். பக்கத்து மெஷினில் நான். துளை போடும்போது சுருண்டு வரும் இரும்புச் சீவல் கிழித்துத் தினமும் கையில் கீறலோடு வீட்டுக்குப் போவார். தையல் வேலை செய்யும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தடித்த துணியில் கையுறை தைத்துக் கொடுத்தாள். சுழலும் மெஷினில் கையுறை கூடாது, நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொள்ளும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் சாயங்காலம் கையுறையில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால் அக்காவின் முகம் தொங்கிப்போகும். அதற்காகவே மெஷினைத் துடைக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். ஒருநாள் கழற்ற மறந்துவிட்டார். நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு என்னை மிரட்டினார்.

"கிளவுஸ் விஷயமா அக்காகிட்ட வாயைத் தொறந்தே, அப்புறம் என்னை மாமான்னு கூப்பிடாதே."

கிழிந்த கையுறையை நான்தான் ஒழித்துக்கட்டினேன். அவர் போடாமல் விட்டதால்தான் விரல் போனது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். சாப்பாடு ஊட்டும்போதும் திட்டு, சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதும் திட்டு.

"கண்ணு வலிக்க வலிக்கத் தைச்சேனே, அதைப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

மாமா அடுத்த கவளத்துக்கு மட்டும் வாயைத் திறப்பார்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் பட்டறையில் வேலை கிடைத்தது. மாமாவின் அதே மெஷின். அக்கா ஒரு ஜோடி தைத்து எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"அவராவது சொன்ன பேச்சைக் கேக்கட்டும்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நில்லும்மா. அதை அவருக்குக் குடுக்காதே. நான் போட்டிருந்தேன். போட்டிருந்ததாலதான் போச்சு."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்; நான் தலையைக் குனிந்துகொண்டேன். மடியில் கிடந்த கையுறையைத் தொடவே பயந்தாள், பாவம். அழுது ஓய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அப்போ இத்தனை நாளும் எதுக்கு என்கிட்ட திட்டு வாங்கிட்டுக் கிடந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த விரல்களால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"திட்டுறப்போ நீ அழலையே."