ஷிஃப்ட்டுப்படி தின்ற குதிரை

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்த காலத்தில் வண்டிப் பந்தயத்துக்கென்று ஒரு பெண் குதிரை வைத்திருந்தேன். சுரங்க நகரியத்துக்கு வெளியே, கம்மாபுரம் போகிற வழியில் எங்கள் வீடு. என் ஷிஃப்ட்டு எதுவோ அதுதான் குதிரைக்கும் சாப்பாட்டு நேரம். போகும்போது ஒரு வேளை, வந்ததும் ஒரு வேளை. வாராவாரம் எனக்கு ஷிஃப்ட்டு மாறினால் அதற்கும் மாறும். பந்தயத்துக்கு முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு. உடம்பு லேசாக இருந்தால்தான் ஓடும் என்று பந்தயக்காரர்கள் எல்லோருமே நம்பினோம். பெரிய மேதைகள் நாங்கள்.

ஒரு மழைக்காலத்தில் அது கொள்ளுத் தீனியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வந்தது. கொழுப்பு என்று சவுக்கால் நாலு போட்டேன். ஒருநாள் இல்லை, பல நாள். விலா எலும்பு தெரிந்த பிறகுதான் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தேன்.

வயிற்றில் புண் என்றார். தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரைக்கு அமிலம் ஓயாமல் சுரக்குமாம். குதிரைக்கென்றே விற்கும் மருந்து நமக்குக் கட்டுப்படியாகாது என்று அவரே சொல்லி, மனிதர்களுக்கான கேப்சூல் மாத்திரையை அதன் எடைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுத்தார். உள்ளே இருக்கும் குருணையை நசுக்கக் கூடாது, கொள்ளைக் குறைக்க வேண்டும், வண்டியில் பூட்டவே கூடாது, கடலைக்கொடி எந்நேரமும் அதன் முன்னால் கிடக்க வேண்டும் என்றார். கடலைக்கொடிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா?

என் மனைவி கொடி அள்ளிப் போட்டாள். நான் மாத்திரை கொடுத்தேன். ஒரு மாதம் போயிற்று. நான் பார்க்க அது ஒரு வாய் தின்னவில்லை. விலா கொஞ்சம் மூடியது போலிருந்தும் நான் நம்பவில்லை. விற்றுவிடலாம், தரகரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் கொடியை உதறிக்கொண்டே சொன்னாள்: "நீங்க டூட்டிக்குப் போனா நல்லா தின்னுகினுதாங்க இருக்குது. உங்க பைக் சத்தம் கேட்டாதான் நிறுத்திடுது."

தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் அது கொடி மெல்லும் சத்தம் கேட்கும். தின்று முடிக்கும்வரை உள்ளே போகமாட்டேன்.